மட்சுவேயிலிருந்து டோக்கியோவுக்குப் புத்தாண்டு விடுமுறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் கடலோரம், ஷிமானே மாகாணத்தின் தலைநகர் மட்சுவே. மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம். ஒரு கோட்டை, ஒரு பெரிய ஏரி, இரவு எட்டு மணிக்கு மேல் ஆளரவமற்ற தெருக்கள். ரூபி நிரல்மொழியை உருவாக்கிய யுகிஹிரோ மட்சுமோட்டோ வசிக்கும் ஊர் என்பதால், அந்தப் பெயரைச் சொல்லியே நகராட்சி மென்பொருள் நிறுவனங்களை இங்கே அழைத்துவருகிறது. அந்த வழியில் வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். நவம்பர் பிறந்ததும், புதிதாக வந்த நம்மூர்ப் பிள்ளைகள் டோக்கியோ பயணம் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் பயணக் குறிப்புகளில் பெரும்பாலானவை சுற்றுலாப் பயணிகளுக்கானவை. இங்கேயே குடியிருப்பவருக்கு அவற்றில் பாதி பொருந்தாது. அதனால்தான் இந்தப் பக்கம்.

ஆண்டு இறுதியில் டோக்கியோவா? ரயில்களெல்லாம் நிரம்பி வழியுமே?

வழியும். ஆனால் எதிர்த்திசையில். டிசம்பர் 28 முதல் 30 வரை டோக்கியோவாசிகள் சொந்த ஊருக்குக் கிளம்புகிறார்கள், ஜனவரி 2 முதல் 4 வரை திரும்புகிறார்கள். நீங்கள் 29ஆம் தேதி டோக்கியோவுக்குப் போய் 3ஆம் தேதி மட்சுவே திரும்பினால், இரண்டு முறையும் வெள்ளத்துக்கு எதிரே போகிறீர்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் பஸ்ஸில் ஏறியவருக்கு இந்தச் சுகம் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஆண்டு இறுதி, மே மாதத் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் ஓபோன் பண்டிகை ஆகிய மூன்று நெரிசல் காலங்களிலும் நோசோமி என்ற அதிவேக ஷின்கான்சென் ரயில்களில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது. 2023 ஆண்டு இறுதியில் தொடங்கிய ஏற்பாடு இது. காலியாகத்தானே போகும் என்று முன்பதிவு செய்யாமல் போனால், பெட்டிகளுக்கு இடையில் நின்றுகொண்டே போக வேண்டியதுதான்.

ஜப்பான் ரயில் பாஸ் வாங்கினால் மலிவாக இருக்குமா?

உங்களுக்கு விற்க மாட்டார்கள். குறுகிய காலத் தங்கல் அனுமதியில் வந்த வெளிநாட்டவருக்கும், வெளிநாட்டில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஜப்பானியருக்குமே அது. வேலை விசா, படிப்பு விசா, குடும்ப விசா எதில் இருந்தாலும் வாங்க முடியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கலாம். ஆனால் 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. மட்சுவே–டோக்கியோ ஒருமுறை போய்வர மட்டும் என்றால் அவர்களுக்கும் அது கட்டுப்படியாகாது.

குடியிருப்பவர்களுக்கும் கிடைக்கும் சலுகை ஒன்று உண்டு. டோக்கியோ வைட் பாஸ் என்று பெயர். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் போதும், எந்த விசா என்று பார்ப்பதில்லை. டோக்கியோவைச் சுற்றியுள்ள நிக்கோ, கருயிசாவா, கவாகுச்சி ஏரி போன்ற இடங்களுக்குத் தொடர்ந்து மூன்று நாள் போய்வரலாம். டோக்கியோவிலேயே சுற்றப் போகிறவர்களுக்கு இது வீண். வாங்குகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

அப்படியானால் எப்படித்தான் போவது?

மூன்று வழிகள் உண்டு.

விரைவானது விமானம். இசுமோ விமான நிலையத்திலிருந்து ஹனேடாவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பக்கத்து மாகாணத்திலுள்ள யொனாகோ விமான நிலையமும் தொலைவில்லை. இரண்டு மாதம் முன்பே வாங்கினால் ரயிலைவிடக் குறைந்த விலையிலும் டிக்கெட் கிடைக்கும். டிசம்பரில் தேடத் தொடங்கினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நம்பகமானது பகல் ரயில். யாகுமோ விரைவு ரயிலில் ஒகயாமா வரை இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அங்கே மாறி நோசோமியில் மூன்றேகால் மணி நேரத்தை ஒட்டி. ஒருவழிக்கு இருபதாயிரம் யென் சுமாராக ஆகும். யாகுமோவில் 2024 ஏப்ரலில் புதிய பெட்டிகள் வந்துவிட்டன. மலைப்பாதை வளைவுகளில் பழைய ரயில் ஆட்டிய ஆட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் இப்போது தைரியமாகப் போகலாம்.

மூன்றாவது, என் விருப்பம்: சன்ரைஸ் இசுமோ. ஜப்பானில் தினந்தோறும் ஓடும் படுக்கை ரயில் என்று இன்று மிஞ்சியிருப்பது சன்ரைஸ் மட்டுமே. இசுமோ நகரில் கிளம்பி, மாலை ஏழரை மணி வாக்கில் மட்சுவேக்கு வந்து, மறுநாள் காலை 7:08க்கு டோக்கியோ நிலையத்தில் இறக்கிவிடுகிறது. 1998 முதல் ஓடுகிறது. இரவு பத்தரை மணியளவில் ஒகயாமாவில், ஷிகோக்கு தீவிலிருந்து வரும் சன்ரைஸ் செட்டோவை இதனுடன் இணைப்பார்கள். அதைப் பார்க்கவென்றே கேமராவோடு நடைமேடையில் ஒரு கூட்டம் இறங்கும்.

சன்ரைஸில் எந்த இடம் எடுப்பது? எப்போது முன்பதிவு?

பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, காலை பத்து மணிக்கு. டிசம்பர் 29க்கு என்றால் நவம்பர் 29 காலை பத்து. நெரிசலுக்கு எதிரே போகிறோம் என்ற கணக்கு இந்த ரயிலிடம் மட்டும் செல்லாது, ஏனென்றால் இடங்களே குறைவு. இந்த ரயிலுக்காகவே பயணம் செய்பவர்களும் ஜப்பானில் ஏராளம். நிலையக் கவுன்ட்டரிலும் வாங்கலாம், மேற்கு ஜப்பான் ரயில்வேயின் இணைய முன்பதிவிலும் வாங்கலாம்.

தனி அறைகளில் பல வகை உண்டு. சிக்கனமானது நோபிநோபி. இது அறையே இல்லை. கம்பளம் விரித்த தரையில் மேலும் கீழுமாக இரண்டு தட்டு, தலைப்பக்கம் மட்டும் சிறிய தடுப்பு, மெல்லிய ஒரு போர்வை. தலையணை கிடையாது. இதைப் படுக்கையாகக் கணக்கில் எடுக்காமல் முன்பதிவு இருக்கையாகவே கட்டணம் வாங்குகிறார்கள். அதனால் பகல் ரயிலைவிட மலிவு, ஓர் இரவு ஓட்டல் செலவும் மிச்சம். நம் ஊர் ரயில்களின் இரண்டாம் வகுப்புப் பெட்டியில் தூங்கி வளர்ந்தவர்களுக்கு இதில் தூக்கம் வராமல் போக வாய்ப்பில்லை.

உணவுப் பெட்டி கிடையாது. குடிபானம் தரும் இயந்திரங்கள் மட்டுமே. மட்சுவே நிலையத்திலேயே சாப்பாடு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். குளிப்பதற்கான அட்டையும் எண்ணிக்கைக்கு உட்பட்டதே. ஓர் அட்டைக்கு ஆறு நிமிடம் வெந்நீர் வரும். வேண்டுமென்றால் ஏறியவுடன் போய் வாங்கிவிட வேண்டும். விடியற்காலையில் ஃபூஜி மலையைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அவர்கள் கோடையில் போனவர்கள். டிசம்பர் கடைசியில் இந்த ரயில் அந்தப் பகுதியைக் கடக்கும்போது கும்மிருட்டு. யொகோஹாமா தாண்டித்தான் சூரியனே எழும்.

பனியால் ரயில் நின்றுவிட்டால்?

நிற்கும். யாகுமோவும் சன்ரைஸும் போகும் ஹகுபி பாதை மலைகளைக் குடைந்து போகிறது. கிளம்பும் முன்பே ரத்தானால் முழுப் பணமும் பிடித்தமின்றித் திரும்பும். விரைவு ரயில் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் விரைவுக் கட்டணம் மட்டும் திரும்பக் கிடைக்கும், அடிப்படைக் கட்டணம் கிடைக்காது. டிக்கெட்டைத் தொலைக்காமல் இறங்கும் நிலையத்தில் கேளுங்கள். பனி எச்சரிக்கை வந்துவிட்டால், போய்ச் சேரும் நாளில் முக்கியமான எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஓட்டலில் பாஸ்போர்ட் கேட்டால் தர வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரிடம்தான் பாஸ்போர்ட் வாங்கி நகலெடுக்கச் சொல்கிறது விதி. நீங்கள் மட்சுவே முகவரியை எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் வரவேற்பில் நிற்கும் பையன் முகத்தைப் பார்த்ததும் பாஸ்போர்ட் என்றுதான் தொடங்குவான். “ஷிமானேயில் குடியிருக்கிறேன்” என்று ஜப்பானிய மொழியில் சொன்னால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். சட்டம் பேசிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பதைவிடக் குடியிருப்பு அட்டையைக் காட்டிவிட்டு அறைக்குப் போவது மேல் என்பது என் கட்சி. கொள்கைப் பிடிப்புள்ளவர்கள் வாதிடலாம், நியாயம் உங்கள் பக்கம்தான்.

அந்த அட்டையை எப்போதும் வைத்திருக்க வேண்டுமா?

கட்டாயம். பதினாறு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் வெளியே போகும்போதெல்லாம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. மட்சுவேயில் உங்கள் தெருக் காவலருக்கு உங்களைத் தெரியும், கேட்கவே மாட்டார். டோக்கியோவின் பெரிய நிலையங்களில் கேட்பதுண்டு. காட்டுங்கள், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

எங்கே தங்குவது?

முதன்முறை என்றால் எல்லோரும் ஷின்ஜுகு என்பார்கள். நான் உவேனோ, அசகுசா பக்கத்தைச் சொல்வேன். விலை கொஞ்சம் இறங்கும், மனித அளவிலான தெருக்கள், கோயில் பக்கத்தில், நம் சாப்பாடு நடக்கும் தூரத்தில். ஷின்ஜுகு நிலையத்தை நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்துகிறார்கள். ஷிமானே மாகாணத்தின் மொத்த மக்கள்தொகையே ஆறரை லட்சம் சுமார். இருநூறு வாயில்களில் தவறான ஒன்றில் வெளியே வந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட்டலைத் தேடுவது விடுமுறையின் முதல் மணி நேரத்துக்கு ஏற்ற வேலை இல்லை. 31ஆம் தேதி இரவுக்கு மட்டும் எல்லா ஓட்டல்களும் விலையை ஏற்றும். அதற்கு வழியில்லை.

என் ஐகோகா பயண அட்டை டோக்கியோவில் செல்லுமா?

செல்லும். நகர ரயில், பாதாள ரயில், பஸ், கடை எல்லாவற்றிலும். ஆனால் மட்சுவேயில் அதைத் தட்டி ஏறி டோக்கியோவில் தட்டி இறங்க முடியாது. நெடும்பயணத்துக்குக் காகித டிக்கெட்தான். அட்டையில் கிளம்பும் முன்பே பணம் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டார வங்கிகளின் ஏடிஎம்கள் புத்தாண்டு நாட்களில் ஓய்வெடுக்கும், அப்போது கோன்பினி எனப்படும் தெருமுனைக் கடைகளின் ஏடிஎம் கைகொடுக்கும்.

புத்தாண்டில் டோக்கியோவே மூடியிருக்குமாமே?

அரசு அலுவலகங்கள் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை மூடியிருக்கும். அருங்காட்சியகங்களும் உயிரியல் பூங்காவும் பெரும்பாலும் 29ஐ ஒட்டி மூடி, 2ஆம் தேதி திறக்கும். சிறிய உணவகங்கள் உரிமையாளர் விருப்பப்படி. உவேனோவில் உள்ள டோக்கியோ தேசிய அருங்காட்சியகம் ஜனவரி 2 அன்று புத்தாண்டுக் காட்சியோடு திறப்பது வழக்கம். ஆகவே வரிசையை இப்படி வையுங்கள்: 29, 30 தேதிகளில் கடைவீதிகள், 31இலும் 1இலும் கோயில்கள், 2ஆம் தேதியிலிருந்து அருங்காட்சியகங்கள். உவேனோவின் அமேயோகோ சந்தையை ஆண்டின் கடைசி நாட்களில் பார்க்க வேண்டும். நண்டும் மீனும் வாங்க வந்த கூட்டத்தில் கடைக்காரர்கள் தொண்டை கிழியக் கூவுவார்கள். ஜப்பானியர் அமைதியானவர்கள் என்று ஊருக்கு எழுதியவர்கள் அங்கே போய் ஒரு மணி நேரம் நிற்கலாம்.

2ஆம் தேதி அரண்மனையில் பேரரசர் குடும்பத்தோடு மாடத்தில் தோன்றி மக்களுக்கு வாழ்த்துச் சொல்வார். கட்டணம் இல்லை, வெளிநாட்டவரும் போகலாம், பைகளைச் சோதிப்பார்கள். 2024இல் ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் ஏற்பட்டதால் ரத்தானது. அதனால் கிளம்பும் முன் அறிவிப்பைப் பாருங்கள்.

31 இரவு ஷிபுயாவில் கொண்டாட்டம் உண்டா?

எதிர்பார்த்துப் போகாதீர்கள். அண்மை ஆண்டுகளில் ஷிபுயா வட்டார நிர்வாகமே, வராதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறது. மெய்ஜி ஆலயத்துக்கு முதல் மூன்று நாளில் முப்பது லட்சம் பேர் வருகிறார்கள் என்பார்கள். நள்ளிரவில் போனால் குளிரில் மணிக்கணக்காக வரிசை. அக்கம்பக்கத்துச் சிறிய கோயில் ஒன்றுக்குப் போனால் மணியோசையை அருகிலிருந்து கேட்கலாம், சில இடங்களில் நீங்களே அடிக்கவும் விடுவார்கள். எந்தப் பாதைகளில் இரவு முழுவதும் ரயில் ஓடும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், டிசம்பரில் அறிவிப்பார்கள்.

சாப்பாடு? முக்கியமாக, தோசை?

இந்தக் கேள்விக்காகத்தான் பலரும் டோக்கியோவுக்கே போகிறார்கள், மறைப்பானேன்!

எதொகாவா வட்டாரத்தில் நிஷி-கசாய் என்ற பகுதி. 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கல் காலத்தில் வந்த இந்திய மென்பொருளாளர்கள் அங்கே குடியேற, இந்தியக் கடைகளும் உணவகங்களும் வளர்ந்தன. உளுந்து, இட்லி அரிசி, புளி எல்லாம் அலமாரியில் பார்க்கும்போது மட்சுவேவாசிக்குக் கண் கலங்கும். உவேனோவுக்குத் தெற்கே ஒகாச்சிமாச்சியில் நகை வணிகம் செய்யும் குஜராத்திகளும் ஜைனர்களும் உண்டு. அதனால் சைவ உணவு கிடைப்பது எளிது. ஷின்-ஒகுபோ நிலையத்தருகே மசாலாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றில் எதை விடலாம் என்றால், வீடு திரும்பும்போது பெட்டியின் எடையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அரிசி மூட்டையைத் தூக்க வேண்டியதில்லை, வீட்டு முகவரிக்கு அனுப்பும் தக்யூபின் சேவை பல கோன்பினிகளில் உண்டு.

வரலாற்றோடு சாப்பிட விரும்பினால் இரண்டு இடங்கள். கின்சாவில் நாயர் உணவகம். கேரளத்திலிருந்து படிக்க வந்து, விடுதலைப் போரில் இறங்கிய ஏ. எம். நாயர் 1949இல் தொடங்கியது. ஷின்ஜுகுவில் நகமுராயா. ஆங்கில அரசு தேடிய ராஷ் பிஹாரி போஸுக்கு அந்தக் கடைக் குடும்பம் அடைக்கலம் தந்து, மகளையும் மணமுடித்துக் கொடுத்தது. 1927இல் அங்கே இந்தியக் கறிக் குழம்பு விற்பனைக்கு வந்தது அவர் வழியாகத்தான். இரண்டிலும் பெயர்பெற்றது கோழி. சைவர்கள் கதையோடு திருப்தியடைய வேண்டும்.

சைவர்களுக்கு இன்னொன்று. ஆண்டு கடைசி இரவில் சாப்பிடும் சோபா நூடுல்ஸ் சாற்றில் மீன் இருக்கும். மேலே மீன் இல்லை என்பதால் சைவம் ஆகிவிடாது.

வழக்கமான கோபுரங்கள் தவிர என்ன பார்க்கலாம்?

ஸ்கை ட்ரீ 634 மீட்டர், டோக்கியோ டவர் 333 மீட்டர். ஏறுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மட்சுவேயிலிருந்து போகிறவருக்கென்று ஒரு பாதை இருக்கிறது. எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் 1890 ஆகஸ்ட்டில் ஆங்கில ஆசிரியராக மட்சுவேக்கு வந்தவர். இந்த ஊரின் வெளிநாட்டுக் குடியிருப்பாளர்களுக்கெல்லாம் அவரே முன்னோடி. சாமுராய் குடும்பத்துப் பெண் செட்சுவை மணந்தார். இங்கத்துக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் மறு ஆண்டு நவம்பரிலேயே குமமோட்டோவுக்குப் போய்விட்டார். பின்னர் கொய்சுமி யாகுமோ என்ற பெயரில் ஜப்பானியக் குடிமகனாகி, 1896 முதல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1904இல் ஒகுபோவில் இறந்தார். கோட்டை அகழியோரம் அவர் வாழ்ந்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மசாலா வாங்க ஷின்-ஒகுபோ போகும்போது அவர் நினைவுப் பூங்காவையும் பாருங்கள், நடக்கும் தூரம்தான். கல்லறை சோஷிகயாவில், ஒற்றைப்பெட்டி டிராமில் போகலாம். பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பின் கற்பிக்க வந்த நாவலாசிரியர் நட்சுமே சொசேகியும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்.

இன்னொன்று சுகினாமி வட்டாரத்தில் உள்ள ரென்கோஜி. நேதாஜியுடையது என்று கூறப்படும் அஸ்தி 1945 செப்டம்பர் முதல் அங்கே காக்கப்படுகிறது. வாசல் முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை. நேரு, இந்திரா, வாஜ்பாய் வந்துபோனதைக் குறிக்கும் கல்வெட்டுகளும் உண்டு. மலேயாவில் ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தாத்தா பாட்டியின் கதைகள் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. அப்படியொரு வீட்டிலிருந்து வந்தவர்கள் இந்தச் சிறிய கோயிலை விட்டுவிடாதீர்கள். ஹிகாஷி-கோயென்ஜி நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும்.

வரியில்லாமல் எலக்ட்ரானிக்ஸ் வாங்கலாமா?

முடியாது. ஜப்பானில் வேலை செய்பவருக்கோ ஆறு மாதம் தாண்டியவருக்கோ அந்தச் சலுகை இல்லை. அப்பா அம்மா பெயரில் உங்களுக்காக வாங்குவதும் சட்டப்படி தவறு.

என்ன உடை எடுத்துச் செல்வது?

சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது நம் சானின் வட்டாரப் பழமொழி. டோக்கியோவில் அந்தக் குடைக்கு வேலை அநேகமாக இருக்காது. குளிர்காலம் முழுக்க அங்கே வறண்ட காற்று, நீல வானம். வாரக்கணக்கில் சாம்பல் மேகத்தைப் பார்த்துச் சலித்தவருக்கு இந்த வெயிலே பாதி விடுமுறை. உதடு வெடிக்கும், களிம்பு வைத்துக்கொள்ளுங்கள். மின்படிகளில் இடப்பக்கம் நில்லுங்கள், ஒசாகாவில்தான் வலப்பக்கம்.

போய்வந்தால் மட்சுவே சலித்துப்போகாதா?

சிலருக்குச் சலித்திருக்கிறது, வேலை மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். டோக்கியோவில் யாரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊரே அடையாளம் கண்டுகொள்ளும் இடத்திலிருந்து போகிறவருக்கு அது முதல் இரண்டு நாள் பெரிய விடுதலை. எனக்கு நான்காம் நாள், பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும்போல் இருக்கும். ஒருவருக்கு நெரிசல், மற்றவருக்கு உயிரோட்டம். விடுமுறையில் பார்த்ததை வைத்து வீடு மாற்றும் முடிவு எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். வாடகையைப் பிப்ரவரியில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

அலுவலகத்துக்கு ஏதாவது வாங்கிவர வேண்டுமா?

ஆம், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. ஒமியாகே என்ற பயணப் பரிசு இல்லாமல் ஜனவரி 4 அன்று வேலைக்குத் திரும்பக் கூடாது. தனித்தனியாக உறையிட்ட இனிப்பாக இருக்க வேண்டும், அலுவலகத்தின் ஆள் எண்ணிக்கைக்கு மேல் நாலைந்து கூடுதலாக இருக்க வேண்டும். டோக்கியோ பனானா என்ற இனிப்பு எல்லோரும் வாங்குவதுதான், ஆனால் யாரும் குறை சொன்னதில்லை. ஊரில் இல்லாத நாட்களில் வீட்டை ஒரு கண் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தனியாக ஒரு பெட்டி. அவருக்கு மட்டும் பனானா வேண்டாம். மட்சுவே தேநீருக்கும் அதனோடு தின்னும் இனிப்புக்கும் பெயர்போன ஊர், அந்தத் தலைமுறையின் நாக்கு கறாரானது. அரிசி வறுவலாக வாங்குங்கள்.